வாய்க்கால் கரையில் சின்னக் குருவிகள்: சத்தம் கேட்குது, ஆளைக் காணோம்

அரசலாற்றங்கரை (கேள்வி):
கும்பகோணம் பக்கம், காலை ஆறரைக்கு வாய்க்கால் கரையோரம் நடை. கொக்கு, மீன்கொத்தி எல்லாம் சிக்கல் இல்லை. சின்னதுங்கதான் தண்ணி காட்டுது. நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்குள்ளேயிருந்து கத்துது. 10×50 பைனாகுலரைத் தூக்குறதுக்குள்ள ஆள் இல்லை. கண்ணில் பட்டாலும் எல்லாம் ஒரே பழுப்பு. எங்கே தப்பு பண்றேன்?

வெண்ணாறு:
பைனாகுலரிலேயே பாதித் தப்பு. 10 மடங்கில் கை நடுக்கம் கூடும், பார்வை வட்டமும் குறுகும். புதர்க் குருவிக்கு 8×42 (8 மடங்கு, முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 2-3 மீட்டர் கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகுதான்னு பார்த்து வாங்குங்க.

தூக்கும்போது கண்ணைக் கீழே இறக்காதீங்க. அசைஞ்ச இலையையே பார்த்தபடி பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வரணும். குனிஞ்சு கருவியைப் பார்த்துட்டு நிமிர்ந்தா, புதர் முழுக்க இலைதான்.

இரண்டு கண்ணுக்கும் ஒருமுறை சரிசெஞ்சு வெச்சுக்குங்க. வலது முன்கண்ணாடியை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்க. பிறகு இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாம, வலது கண் வைக்கிற இடத்து வளையத்தை மட்டும் தெளிவாகுற வரை திருப்புங்க. இதைச் செய்யாததாலதான் பல பேருக்குப் 'பழுப்பு' மட்டும் தெரியுது.

படுகை:
காதை முன்னாடி விடுங்க சார். அந்தப் புதரில் பெரும்பாலும் இவங்கதான்:

சாம்பல் கதிர்க்குருவி: முதுகு சாம்பல், வயிறு வெளிர் செம்மஞ்சள், கண் சிவப்பு. கிளம்பிப் பறக்கையில் கரண்ட் பொறி தட்டுற மாதிரி 'டிக் டிக்'னு கேட்கும். அது ஒண்ணு போதும்.

தையல்சிட்டு: உச்சந்தலை துருச் சிவப்பு, முதுகு பச்சை, வால் தூக்கி நிற்கும். உருவத்துக்குச் சம்பந்தமில்லாத பெருங்குரல், 'டுவிட் டுவிட்'னு விடாம.

பிளித் நாணல் கதிர்க்குருவி: நீங்க சொல்ற 'ஒரே பழுப்பு' அனேகமா இதுதான். குளிர்கால விருந்தாளி. வாலைத் தூக்காது, வெளியே வராது. 'செக்… செக்'னு கூழாங்கல் தட்டுற ஒலி.

நடு வயலுக்கு மேலே எகிறி எகிறிப் பறந்து, ஒவ்வொரு எகிறலுக்கும் 'ஜிட்' சொன்னா விசிறிவால் கதிர்க்குருவி. அதைப் புதரில் தேடாதீங்க.

தாளடி:
இன்னொண்ணு, திசை. கிழக்கு மேற்காப் போற கரைன்னா கிழக்கு முனையில் ஆரம்பிச்சு மேற்கே நடங்க. எதிர்வெயிலில் எல்லாக் குருவியும் கறுப்பு. மார்கழிப் பனியில் ஆறரை மணி கொஞ்சம் சீக்கிரம். வெயில் புதர் உச்சியைத் தொட்டதும் சிறகு உலர்த்த மேலே வரும். அப்போ ஒரே இடத்தில் பத்து நிமிஷம் நில்லுங்க, நடக்கிறதைவிட அதிகம் கிடைக்கும். மருந்தடிச்ச வயலோரம் பூச்சி இருக்காது, குருவியும் இருக்காது.

ஃபோனில் குரலைப் போட்டு வரவழைக்கிற வேலை மட்டும் வேண்டாம். எதிராளி வந்துட்டான்னு நினைச்சு, இரை தேடுறதை விட்டுட்டுச் சண்டைக்கு நிற்கும். கூடு கட்டுற காலத்தில் அது பாவம்.

அரசலாற்றங்கரை:
நன்றி. முருங்கைப் பூவுக்கு வர்ற கறுத்த தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டா, லோட்டன் தேன்சிட்டா?

படுகை:
மூக்கைப் பாருங்க. லோட்டனுக்கு தலையைவிட நீளம், அரிவாள் மாதிரி வளைவு. மார்பில் அரக்குப் பட்டை, அதுக்குக் கீழே வயிறு புகைப் பழுப்பு. ஊதாவுக்கு மூக்கு குட்டை, அடிவயிறு வரை கருநீலம். மஞ்சள் வயிறு, தொண்டையிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடுன்னா, இனப்பெருக்கம் முடிஞ்சு நிறம் மாறின ஊதா ஆண்.