4 ஜிபி ரேம் பொருத்தினால் திரை வரவில்லை. விண்டோஸ் 7-ஐயும் மாற்ற வேண்டும்

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். 2010-இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்றை இன்னும் பயன்படுத்தி வருகிறேன். இன்டெல் ஜி41 சிப்செட் (பிராசசரையும் ரேமையும் இணைக்கும் சில்லு) உள்ள மதர்போர்டில் கோர் 2 டுயோ இ7500 பிராசசரும் 2 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றும் உள்ளன. இயங்குதளம் 32 பிட் விண்டோஸ் 7. பிரவுசரில் மூன்று பக்கங்களைத் திறந்தாலே ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, மவுஸ் அம்பு அசைய மறுக்கிறது. ஆகவே 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கி, காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் பொருத்தினேன். திரையில் ஒன்றும் வராமல், நீண்ட பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. புதியதைக் கழற்றிவிட்டால் கணினி பழையபடி ஓடுகிறது. கடைக்காரர் அதே ரேமைத் தம் கணினியில் போட்டு, நன்றாக இருப்பதாகக் காட்டிவிட்டார். கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

மறுமொழி 1:

ரேமின் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஸ்லாட்டில் உள்ள தூசியைத் தூரிகையால் நீக்கி, இரு பக்கப் பூட்டுகளும் விழும்வரை அழுத்திப் பொருத்திப் பாருங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

மறுமொழி 2:

ரப்பர் வைத்தியம் பழைய ரேமுக்குப் பலிக்கும். கடையிலிருந்து அன்று வந்ததற்கு அது தேவைப்படாது. புதிய ரேமில் எத்தனை கறுப்புச் சில்லுகள் உள்ளன என்று எண்ணிச் சொல்லுங்கள். எட்டுச் சில்லுகளில் 4 ஜிபி அடங்கியிருந்தால் ஒவ்வொரு சில்லும் 4 ஜிகாபிட் கொள்ளளவு உடையது (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). ஜி41 சிப்செட்டோ 2 ஜிகாபிட்டுக்கு மேற்பட்ட சில்லுகளைக் கையாளத் தெரியாத காலத்தில் வடிவமைக்கப்பட்டது. அதனால்தான் பிற்காலக் கணினியில் குறையின்றி ஓடும் ரேம் உங்களிடம் பீப் அடிக்கிறது. உங்களுக்கு வேண்டியது பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சில்லுகள் கொண்ட 4 ஜிபி டிடிஆர்3. அதன் ஒட்டுச்சீட்டில் ‘2ஆர்எக்ஸ்8’ என்றிருக்கும். ‘1ஆர்எக்ஸ்8’ என்றிருந்தால் வாங்க வேண்டாம். ‘ஏஎம்டி-க்கு மட்டும்’ (இன்டெலின் போட்டி நிறுவனத்தின் பிராசசர்களுக்கு மட்டும்) என்று மலிவாக விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். அதில் பதினாறு சில்லுகள் இருந்தாலும் இன்டெல் போர்டு ஏற்காது.

கேள்வி கேட்டவர்:

எண்ணிப் பார்த்தேன், ஐயா. ஒரு பக்கம் மட்டுமே எட்டுச் சில்லுகள் இருந்தன. கடைக்காரர் முணுமுணுத்தபடியே, பழைய சரக்கிலிருந்து பதினாறு சில்லுகள் உள்ளதைத் தேடி எடுத்து மாற்றிக் கொடுத்தார். முதல் முயற்சியிலேயே திரை வந்தது. ஆனால் விண்டோஸில் ‘6 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.2 ஜிபி’ என்றுதான் காட்டுகிறது. மீதி எங்கே போயிற்று?

மறுமொழி 2:

ரேமில் குறை ஒன்றுமில்லை. 32 பிட் விண்டோஸ் 7 மொத்தம் 4 ஜிபி வரைதான் முகவரி இட முடியும். அதிலும் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸுக்கும் பிற சாதனங்களுக்கும் ஒதுக்கிவிடும். இ7500 என்பது 64 பிட் பிராசசர்தான் என்பதால் 64 பிட் இயங்குதளம் போட்டால் 6 ஜிபியும் கிடைக்கும். ஆனால் 32-இலிருந்து 64-க்கு அப்படியே மேம்படுத்த வழியில்லை, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடனும் முடிந்தன. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குத் தேவையான கட்டளைகள் கோர் 2 டுயோவில் இல்லாததால் குறுக்குவழியில் போட்டாலும் அது துவங்காது. எனவே விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பைப் பரிந்துரைக்கிறேன்; அதற்கு 4 ஜிபி ரேமே தாராளம், 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் உண்டு.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள். அதன் கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான, சுழலும் பாகமற்ற வேகமான சேமிப்பகம்) வாங்கி அதில் நிறுவுங்கள். உங்கள் போர்டில் அதை இணைக்கும் சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட் மட்டுமே. ஆயினும் ரேமைக் கூட்டியதைவிட இந்த மாற்றத்தைத்தான் நீங்கள் அதிகம் உணர்வீர்கள். நிறுவுமுன் பென் டிரைவிலிருந்தே மின்ட்டைத் துவக்கி, இணையம், ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

ஒரு தயக்கம் உள்ளது. என் தந்தையார் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த கோயில் திருப்பணிக் கணக்குகளும் கட்டுரைகளும் பழைய டிஸ்க்கில் உள்ளன. அவை மின்ட்டில் திறக்குமா?

மறுமொழி 2:

மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபிஸ் என்னும் ஆவண மென்பொருளில் திறக்கும். ஆனால் முதலில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பாமினி, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோடு முறையிலான எழுத்துரு அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. நிறுவல் முடிந்தபின் பழைய டிஸ்க்கை மறுபடி இணைத்து, விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியை நகலெடுத்து, இரட்டைச் சொடுக்கு செய்து நிறுவினால் தமிழ் தெரியும். தேடவும் திருத்தவும் வேண்டுமெனில் யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் இடுங்கள். அசலை மட்டும் தொடாதீர்கள், மாற்றத்தில் கொம்பும் காலும் இடம் மாறுவது உண்டு.

கேள்வி கேட்டவர்:

நேற்றிரவு நிறுவினேன். மின்ட் 6 ஜிபியையும் காட்டுகிறது. பாமினி கோப்புகள் திறந்தன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும் தொகைகள் ஒரு நெடுவரிசை தள்ளி நிற்கின்றன, அவற்றை அசலோடு ஒப்பிட்டுக் கையால் சரிசெய்து வருகிறேன்.