நூல் கோக்க ஓர் ஆள்

குழு: பாட்டி வீடு

சனிக்கிழமை, காலை 9:10

நான்: எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டு மாமா, எதிர் வீட்டு அக்கா, மாடித் தம்பி மூவரையும் இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறேன். மறைந்த பாட்டியின் நினைவாக அச்சிடுவதற்கு, அவரைப் பற்றி யாரிடம் என்ன இருந்தாலும் இங்கே போடுங்கள். போட்டோவை மட்டும் டாகுமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், அச்சில் முகம் தெளிவாக வராது.

அத்தை: பழைய ஆல்பத்தை எடுத்தேன். போட்டோ தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிய்த்துப் பார்க்கட்டுமா?

நான்: வேண்டாம் அத்தை! கிழிந்துவிடும். ஆல்பத்தோடு ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் நேர் மேலிருந்து படம் எடுங்கள். தனியாக இருக்கும் போட்டோவின் பின்பக்கம் யார் யார் என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் வரை ஊறிவிடும்.

அத்தை: சரி. அம்மா பாதிப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா: பிறந்த தேதி எதைப் போடுவது? சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எழுதியது. அம்மா சொல்வது வேறு.

அத்தை: அம்மா சொன்னதைப் போடுங்கள். இல்லாவிட்டால் இப்போதும் சண்டைக்கு வருவார்.

எதிர் வீட்டு அக்கா: எனக்கு முதலில் நினைவு வருவது அந்தச் சாவி ஆணிகள். எங்கள் வீட்டுச் சாவி உட்பட ஏழெட்டுச் சாவிகள் அங்கேதான் தொங்கும். சின்னவள் பிறக்க எனக்கு வலி எடுத்த ராத்திரி, நான் கதவைத் தட்டுவதற்குள் பாட்டியே வெளியே வந்துவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த மூத்தவனை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அந்த மூன்று நாளில் அவனுக்கு என்னைவிடப் பாட்டிதான் பெரிதாகிவிட்டார், அது வேறு கதை.

அத்தை: எங்களை ஒரு நாள்கூட அப்படித் தூக்கியதில்லை. எங்களுக்கு அடிதான்.

பெரியப்பா: உனக்கு மட்டும் அடி.

மாடித் தம்பி: கேட்டின் குறுக்கே வெள்ளை வண்டியை நிறுத்தியது யார்? உடனே எடுக்கவும்.

மாடித் தம்பி: மன்னிக்கவும், வேறு குழுவில் போட வேண்டியது.

பெரியப்பா: பரவாயில்லை தம்பி. அம்மா இருந்திருந்தால் இந்நேரம் வண்டிக்காரரின் பரம்பரையையே சொல்லியிருப்பார்.

மாலை 6:40

அப்பா: [குரல் பதிவு 0:14]

அத்தை: அண்ணா, என்ன இது, முன்னாலேயே சொல்லக் கூடாதா? வேலையில் இருந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எதிர் வீட்டு அக்கா: “இது பதிவாகிறதா, இல்லை சும்மா பேசிக்கொண்டிருக்கிறேனா?” அப்படியே பாட்டிதான்.

நான்: அப்பா, இது உங்கள் போனில் மட்டுமா இருந்தது? பேக்கப் எடுக்காமல் போனை மாற்றினால் போய்விடும்.

அப்பா: அதனால்தான் மாற்றவில்லை.

நான்: திரை உடைந்த போனை ஏன் விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அத்தனை தடவை கேட்டேனே அப்பா. சரி, நாளைக்கு வந்து பேக்கப் எடுத்துத் தருகிறேன்.

மாடித் தம்பி: அக்கா, நானும் ஒன்று எழுதலாமா? கொஞ்சம் நீளம்.

நான்: எழுது தம்பி.

மாடித் தம்பி: நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் சாயங்காலமானால் சத்தம்தான். உங்கள் எல்லாருக்கும் கேட்டிருக்கும். சத்தம் தொடங்கியதும் கீழேயிருந்து பாட்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். “கண்ணு தெரியலடா, ஊசியில் நூல் கோத்துக் கொடு.” கோக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் வெள்ளை நூல் முடிந்ததும் கறுப்பு நூல். அப்புறம், “இரு, இந்தப் பித்தானைத் தைத்து முடிக்கிறேன், நூல் அறுந்தால் மறுபடி யாரைக் கூப்பிடுவது?” சும்மா இருக்கிற நேரத்துக்குப் புத்தகத்தை எடுத்து வா என்பார். கணக்குப் பாடம் முழுவதையும் அந்தத் தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் போட்டேன். ஒரு நாள்கூட மேலே என்ன நடக்கிறது என்று பாட்டி கேட்டதில்லை.

மாடித் தம்பி: கண் தெரியாமல் எப்படித்தான் அவ்வளவு தைத்தாரோ.

நான்: தம்பி, ஒரு நிமிஷம். இதைப் பார்.

நான்: [புகைப்படம்]

நான்: போன வாரம் மெஷின் டிராயரைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. சின்னத் தகர வில்லை, நுனியில் முடி போல மெல்லிய கம்பி வளையம். வளையத்தை ஊசிக் காதில் நுழைத்து, அதில் நூலை விட்டு இழுத்தால் போதும், கோத்துவிடலாம். டிராயரில் இது மூன்று இருந்தது.

அத்தை: அது நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அம்மாவிடம் இருக்கிறது. இருட்டில்கூடக் கோப்பார்.

மாடித் தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாடித் தம்பி: அதில் ஒன்று எனக்குத் தருவீர்களா அக்கா?

நான்: உனக்காக எடுத்து வைத்துவிட்டேன்.

இரவு 10:25

பக்கத்து வீட்டு மாமா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். என் மனைவி போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, “எழுத்து மங்கலாகத் தெரிகிறது, தினமும் காலையில் வந்து பேப்பர் படித்துக் காட்டுங்கள்” என்றார். இரண்டு வருஷம் படித்தேன். ஒரு நாள் போகாவிட்டாலும் ஆள் அனுப்புவார்.

அப்பா: மாமா, தப்பாக நினைக்காதீர்கள். விடியும்போதே அம்மா பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை முடித்துவிடுவார். நீங்கள் வருவதற்குள் அதைப் புதிது போல மடித்து வைப்பது என் வேலை.

பக்கத்து வீட்டு மாமா: தெரியும் தம்பி. குறுக்கெழுத்துக் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும்.