ஆங்குலர் 17: சைல்டில் அளவை மாற்றினால் என்ஏஎன் வருகிறது, மொத்தம் மாறுவதில்லை

கேள்வி

வலைப்பக்கங்கள் கட்டும் கருவியான ஆங்குலரில் எழுதிய பில் போடும் பக்கம். பொருட்களின் அரே (பட்டியல்) பேரன்ட்டில் (மேலே உள்ள காம்பொனென்ட், அதாவது பக்கத்தின் ஒரு பகுதி) இருக்கிறது. ஃபார் லூப்பில் பொருளுக்கு ஒரு ‘வரி’ (பில்லின் ஒரு வரிசை, டாக்ஸ் அல்ல) சைல்ட், அதாவது பேரன்ட்டுக்குள் வரும் காம்பொனென்ட். அடியில் ‘மொத்தம்’ என்று இன்னொரு சைல்ட், அதற்கு முழு அரேயையும் இன்புட்டாகத் தருகிறேன். இரண்டும் ஆன்புஷ் (இன்புட் மாறுவது போன்ற சமயங்களில் மட்டும் திரையைப் புதுப்பிக்கும் முறை). வரியில் உள்ள எண் பெட்டியில் தட்டத் தட்ட, ‘சேஞ்ச்’ என்ற அவுட்புட் வழியாகப் புதிய அளவை எமிட் செய்கிறேன் (பேரன்ட்டுக்கு அனுப்புகிறேன்). பேரன்ட் அதை வாங்கி அந்தப் பொருளின் அளவில் நேரடியாக எழுதுகிறது.

தட்டும்போது வரியின் தொகை சரியாக இருக்கிறது. பெட்டியை விட்டு வெளியே வந்ததும் என்ஏஎன் (‘எண் அல்ல’ என்று காட்டும் மதிப்பு) ஆகிவிடுகிறது. மொத்தம் அசைவதே இல்லை. அதற்குள் இருக்கும் தள்ளுபடி பட்டனை அமுக்கினால்தான் மாறுகிறது. கன்சோலில் பிழை எதுவும் இல்லை.

பதில் 1

என்ஏஎன்னுக்குக் காரணம் அவுட்புட்டின் பெயர். ‘சேஞ்ச்’ என்பது பிரவுசரின் சொந்த ஈவென்ட். எண் பெட்டியை விட்டு வெளியேறும்போது எழுந்து, மேலே உள்ள டேக்குகளுக்கும் பரவும். அப்படி உங்கள் வரி காம்பொனென்டின் டேக்கை அடையும்போது, பேரன்ட்டின் அதே ஹேண்ட்லர் (ஈவென்ட் எழுந்தால் ஓடும் ஃபங்ஷன்) மறுபடி ஓடுகிறது. இந்த முறை கைக்கு வருவது எண் அல்ல, ஈவென்ட் ஆப்ஜெக்ட். அதை விலையால் பெருக்கினால் என்ஏஎன்தான். ‘அளவுமாற்றம்’ போல பிரவுசரில் இல்லாத பெயர் வையுங்கள். ‘இன்புட்’, ‘கிளிக்’, ‘சப்மிட்’ ஆகியவையும் இதே வகை. கோடில் தவறுகளைச் சுட்டிக்காட்டும் ஆங்குலர் ஈஎஸ்லின்டில் ‘நோ-அவுட்புட்-நேட்டிவ்’ விதியைப் போட்டால் எழுதும்போதே பிடித்துவிடும்.

எமிட் செய்யும் மதிப்பையும் பாருங்கள். பெட்டியின் ‘வேல்யூ’ எப்போதும் ஸ்ட்ரிங். பெருக்கலில் தெரியாது, கூட்டும்போது 2-உம் 3-உம் 23 ஆகும். ‘வேல்யூ-ஆஸ்-நம்பர்’ எண்ணாகத் தரும், ஆனால் பெட்டி காலியாக இருந்தால் அதுவும் என்ஏஎன். எமிட் செய்வதற்கு முன் அதை 0 ஆக்கிவிடுங்கள்.

பதில் 2

மொத்தத்துக்கு ஆன்புஷை எடுத்துவிடுங்கள், வேலை செய்யும்.

பதில் 3

பதில் 2 சொல்வது, டெம்ப்ளேட்டில் கெட்டர் (படிக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும் ப்ராபர்ட்டி) மூலம் கூட்டினால் வேலை செய்யும். நாளைக்கு யாராவது அந்தக் கணக்கை ‘என்ஜி-ஆன்-சேஞ்சஸ்’ஸுக்கு (இன்புட் மாறினால் மட்டும் ஓடும் ஃபங்ஷன்) நகர்த்தினால் மறுபடி நின்றுவிடும். நோய் ஆன்புஷ் அல்ல. இன்புட் மாறியதா என்பதை ஆங்குலர் ரெஃபரன்ஸை (அதே ஆப்ஜெக்டா, வேறா என்பதை) வைத்துத்தான் பார்க்கிறது, உள்ளே தோண்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் பொருளின் அளவை மாற்றினீர்கள். அரே பழைய அரேதான். தள்ளுபடி பட்டனை அமுக்கினால் மாறுவதற்கும் காரணம் உண்டு: தன் டெம்ப்ளேட்டிலேயே ஈவென்ட் எழுந்தால் ஆன்புஷ் காம்பொனென்ட் சோதனைக்குக் குறிக்கப்படும், அப்போது புது அளவைப் படிக்கிறது.

ஆகவே பேரன்ட்டின் ஹேண்ட்லரில் ‘மேப்’ (ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் புது அரே தருவது) ஓட்டுங்கள். ஐடி பொருந்தும் பொருளுக்கு மட்டும் ஸ்ப்ரெட் போட்டு (பழைய மதிப்புகளை நகலெடுத்து), புது அளவுடன் புது ஆப்ஜெக்ட், மற்றவை அப்படியே. வரும் புது அரேயைப் பழைய ப்ராபர்ட்டியில் வையுங்கள். புதுப் பொருள் சேர்க்கும்போதும் ‘புஷ்’ (அதே அரேயில் சேர்ப்பது) வேண்டாம், ஸ்ப்ரெட்தான்.

கேள்வி கேட்டவர்

பெயரை மாற்றினேன், மேப்பும் போட்டேன். என்ஏஎன் போய்விட்டது, மொத்தமும் சரி. இப்போது ஒரு இலக்கம் தட்டியதும் கர்சர் பெட்டியை விட்டுப் போய்விடுகிறது.

பதில் 3

ஃபார் லூப்பில் வரிகளை அடையாளம் காண ‘ட்ராக் ஐடெம்’ என்று எழுதியிருப்பீர்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அந்த வரியின் ஆப்ஜெக்ட் புதிது என்பதால், ஆங்குலர் பழைய வரியை அழித்துப் புதியதைக் கட்டுகிறது; ஃபோகஸும் சேர்ந்து போகிறது. ‘ட்ராக் ஐடெம்.ஐடி’ என்று மாற்றுங்கள். ‘ட்ராக் இன்டெக்ஸ்’ வேண்டாம். நடுவில் ஒரு பொருளை நீக்கினால் ஒரு வரியின் உள்நிலை அடுத்த பொருளுக்கு ஒட்டிக்கொள்ளும்.

பதில் 4

சிக்னலுக்கு (தான் மாறினால், பயன்படுத்தும் இடங்களுக்குத் தகவல் தரும் மதிப்பு) மாற நினைத்தால்: சிக்னல் இன்புட் 17.1-இல் வந்தது, இருவழிக்கான ‘மாடல்’ 17.2-இல், புது ‘அவுட்புட்’ 17.3-இல். 17-இல் இவை முன்னோட்ட நிலைதான், 19-இல் உறுதியாயின. பொருட்களின் அரேயைப் பேரன்ட்டில் சிக்னலாக வைத்து, மொத்தத்தை ‘கம்ப்யூட்டட்’ (மற்ற சிக்னல்களிலிருந்து கணக்கிடப்படும் சிக்னல்) ஆக்கி, அந்த ஒரு எண்ணை மட்டும் சைல்டுக்குக் கொடுங்கள். அரே முழுவதும் அங்கே போக வேண்டிய தேவையே இல்லை. ஆனால் சிக்னலும் ரெஃபரன்ஸைத்தான் ஒப்பிடும். உள்ளிருக்கும் அரேயில் ‘புஷ்’ செய்து அதே அரேயைத் திருப்பி ‘செட்’ செய்தால் யாருக்கும் தகவல் போகாது. பதில் 3-இல் சொன்ன மேப் இங்கேயும் வேண்டும், ‘அப்டேட்’டுக்குள்.