ரசிகர்கள் எடுத்த அறிபுனைப் படங்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சி

கொழிஞ்சாம்பாறை வாசகர்

அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேலந்தாவளத்துக்கு அருகே மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையில், எங்கள் ஊர் மாணவர்கள் 6 பேர் சேர்ந்து அந்த உலகத்தில் நடப்பதாக 14 நிமிடப் படம் ஒன்றை எடுத்தார்கள். ஆளில்லாத கோளில் தனித்து விடப்பட்ட ஒரு வீரன், மீட்புக் கலம் வரும் வரை மூச்சுக்காற்றை மிச்சம் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான், கதை அவ்வளவே. முற்பாதியில் ஃபேசர் துப்பாக்கிச் சண்டை உண்டு, வெடிப்பு உண்டு, லேப்டாப்பில் பிளெண்டர் மென்பொருளைக் கொண்டு உருவாக்கிய விண்கலமும் உண்டு. அவற்றில் ஒன்றுகூட இன்று எனக்குத் தெளிவாக நினைவில்லை.

நினைவில் நிற்பது அந்தத் தலைக்கவசம். பூங்கா விளக்குக்கு மாட்டும் உருண்டையான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையின் அடிப்பாகத்தை அறுத்துச் செய்திருந்தார்கள். காற்றுப் போக வழி வைக்கவில்லை. அதனால் நடிகர் மூச்சு விட விட உட்புறம் வெள்ளையாகப் படர்ந்துகொண்டே வந்தது. அவர் கையை உயர்த்தி வெளிப்பக்கத்தைத் துடைக்கிறார், துடைத்தும் போகவில்லை, ஆவி உள்ளே இருக்கிறது, அதைத் தன்னால் துடைக்கவே முடியாது என்பது அவருக்கு உறைக்கும் அந்தக் கணத்தில், பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் எங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

படம் முடிந்ததும், வயதில் மூத்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். அவர்கள் படம் பிடித்தது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைமரங்களை ஆட்டிப் படைக்கும் காலம். வசனத்தில் பாதி காற்றில் போயிருந்தது. நான் எழுந்து, "ஒலி சரியில்லாத படத்தைப் படம் என்றே சொல்ல முடியாது" என்றேன். தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இயக்கிய தம்பி தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் படம் எதுவும் எடுக்கவில்லை. ஆறு ஆண்டுகளாகிவிட்டன, நல்லதை ஏன் அன்று முதலில் சொல்லாமல் விட்டேன் என்பது இன்னும் என்னை உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஒரு காட்சி இருந்தால் எழுதுங்கள்.

சூளூர்ப்பேட்டை வாசகர்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழுவது தெரியும். முதலில் வெளிச்சம்தான் வரும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், 20 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவருக்கு அது வந்து சேர ஒரு நிமிடம் பிடிக்கும். இதை அறியாத குழந்தை எங்கள் தெருவில் இல்லை. ஆனால் நான் பார்த்த பெரிய படங்கள் பலவற்றில் நெருப்பும் முழக்கமும் ஒரே நொடியில்தான் வந்திருக்கின்றன.

எங்கள் பகுதிப் பிள்ளைகள், தமிழ் பேசுபவர்களும் தெலுங்கு பேசுபவர்களுமாகச் சேர்ந்து, ஒரு நட்சத்திரக் கப்பல் கேப்டனின் சிறுவயதைக் கற்பனை செய்து குறும்படம் எடுத்தார்கள். கேப்டன் பிறந்த ஊர் சூளூர்ப்பேட்டை. 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 கிளம்பியபோது மாடியில் நின்று பிடித்த காட்சிதான் படத்தின் உயிர். சிறுவன் வெளிச்சத்தைப் பார்த்ததும் வாய்க்குள் எண்ணத் தொடங்குகிறான். கேமரா அவன் உதட்டை விட்டு நகரவில்லை. இசை இல்லை, வசனம் இல்லை. ஏறக்குறைய அறுபது வரை எண்ணுகிறான். பிறகு, கீழே சமையலறைப் பரணில் அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள் கலகலவென்று அதிரும் ஓசை மட்டும் கேட்கிறது. அதன் பின்னால் முழக்கம் வருகிறது. எத்தனையோ ஏவுதல்களைப் பார்த்த என் அம்மா, அந்த இடத்தில் என் கையைப் பற்றிக்கொண்டார்.

ஒரு வணிகப் படத்தில் தயாரிப்பாளர் ஒரு நிமிட மௌனத்துக்கு இடம் கொடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ரசிகர்கள் எடுக்கும் படத்தில் அந்த நிமிடத்தைக் கேட்டு வாங்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. இவ்வகைப் படங்களைத் தேடித் தேடி நான் பார்ப்பது அதற்காகத்தான்.

செங்கோட்டை வாசகர்

கொழிஞ்சாம்பாறை அண்ணாச்சிக்கு: நீங்கள் வருந்த வேண்டியதில்லை. சொன்ன முறை கடுமையாக இருந்திருக்கலாம். சொன்ன செய்தி சரியானது. மங்கலான படத்தைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத வசனத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆரியங்காவுக்கு அப்பால் கழுதுருட்டியில் இருக்கும் பதின்மூன்று கண் பாலத்தை, மனிதர் விட்டுப்போன எதிர்கால பூமியின் சிதிலமாகக் காட்டி நாங்களும் ஒரு படம் எடுத்தோம். பாலம் திரையில் அற்புதமாக இருந்தது. மழை இரைச்சலில் கதாநாயகியின் கடைசி வாக்கியம் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தில்தான் கதையே இருந்தது. பார்த்தவர்கள் அனைவரும் பாலத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். என் கதை அவ்வளவுதான்.

இனி எடுக்கப்போகிறவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கேமராவாகப் பயன்படும் கைபேசியின் மைக்கை நம்பாதீர்கள். அது நடிகரிடமிருந்து பத்தடி தள்ளி இருக்கிறது. இன்னொரு கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு நடிகரின் சட்டைப் பையில் வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் உரக்க ஒரு கைதட்டு தட்டுங்கள். எடிட்டிங்கில் இரண்டு ஒலிகளையும் பொருத்துவதற்கு அந்தத் தட்டு போதும். ஓர் இடத்தில் படப்பிடிப்பு முடிந்ததும், யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஓசையை அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அடைக்க அது உதவும். கணவாய்க் காற்றுக்கு நடுவே எடுப்பவர்கள் மைக்கின் மேல் தடித்த பஞ்சுறையைப் போடுங்கள். அதுவும் போதாது என்றால் டப்பிங் செய்யுங்கள். அதற்கு ஸ்டுடியோ தேவையில்லை, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் உட்புறமும் துணிகள் நிறைந்த அலமாரியின் முன்பக்கமும் நன்றாகவே உதவும். விண்வெளித் தலைக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல் வேண்டுமா, குடத்தின் வாய்க்குள் முகத்தை வைத்துப் பேசிப் பதியுங்கள். விண்கலத்தின் உட்புற முனகலுக்கு ஃபிரிட்ஜின் ஓசையைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து, தணிவாக ஓடவிடுங்கள். ஸ்டார் வார்ஸின் ஒளிவாளுக்கு ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் உருவாக்கிய ஒலிகூடப் பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலிலும் தொலைக்காட்சிப் பெட்டி எழுப்பிய இரைச்சலிலும் பிறந்ததுதான். ஒலி என்பது வீட்டுப் பொருள்களில் கிடைப்பது. அதற்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

களியக்காவிளை வாசகர்

ஒலியையும் மௌனத்தையும் பற்றியே எழுதுகிறீர்கள். நான் மாறுபடுகிறேன். ரசிகர் படங்களின் பக்கம் என்னை இழுத்தது விண்கலங்கள்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. 2005 இல் பின்லாந்தில் வெளிவந்த ஸ்டார் ரெக்: இன் த பிர்கின்னிங் படத்தை, பிரவுசிங் சென்டரில் இரண்டு மாலைகள் உட்கார்ந்து பதிவிறக்கிப் பார்த்தேன். அதை எடுக்க ஏழு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வீட்டுக்குள் மாட்டிய சிறு நீலத் திரைக்கு முன்னால் நடிகர்களை நிறுத்தி, கப்பலின் உட்புறம் முழுவதையும் கணினியில் வரைந்து சேர்த்திருக்கிறார்கள். முழுநீளப் படம், இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். வசனம் பின்னிஷ் மொழி; எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் இரண்டு விண்படைகள் மோதிக்கொள்ளும் நெடிய போரின் நடுவே, உடைந்த கப்பல் ஒன்று மெல்லச் சுழன்று திரையை விட்டு நீங்கியபோது, இதை ஒரு வீட்டில் உட்கார்ந்து செய்தார்கள் என்ற நினைப்பே எனக்கு நடுக்கத்தைத் தந்தது. அந்த மாலைக்குப் பிறகுதான் நான் முப்பரிமாண வரைகலை கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆக்ஸனார் என்ற ரசிகர் படத்தின் மீது தொடுத்த வழக்கை மறந்துவிட்டு யாரும் ஸ்டார் ட்ரெக் உலகத்தில் பெரிய படத்துக்குப் பணம் திரட்டாதீர்கள். அதன் முன்னோட்டப் படம் 2014 இல் வந்தபோது தொழில்முறைப் படம் போலவே இருந்தது. திரண்ட பணமும் பெரிது. 2015 டிசம்பரில் ஸ்டார் ட்ரெக்கின் உரிமையாளர்களான சிபிஎஸ்ஸும் பாரமவுண்டும் வழக்குத் தொடுத்தன. ரசிகர் படங்களுக்காக 2016 ஜூனில் அவை வெளியிட்ட நெறிமுறைகளின்படி ஒரு கதை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பகுதிகளாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடம். திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. நடிப்பவர்களுக்கும் உழைப்பவர்களுக்கும் ஊதியம் கூடாது. தலைப்பில் ஸ்டார் ட்ரெக் என்ற பெயர் வரக் கூடாது. பலர் இதைக் கொடுமை என்றார்கள். கொழிஞ்சாம்பாறைத் தம்பிமாரின் 14 நிமிடம் இந்த அளவுக்குள் அடங்குகிறது. 14 நிமிடத்தில் ஒருவரை மூச்சுப் பிடிக்க வைக்க முடிந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு ஒரு தடையே அல்ல என்பது என் கருத்து.

நகரி வாசகி

நான் தையற்கடை வைத்திருக்கிறேன். களியக்காவிளைத் தம்பி சொல்லும் விண்போர்களை நானும் ரசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் வரைகலை நாலே ஆண்டுகளில் பழையதாகிவிடுகிறது, உடுப்பு பழையதாவதில்லை. விசைத்தறி ஓடும் ஊர் என்பதால் துணி மலிவாகக் கிடைக்கும் என்று, புத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். "அக்கா, நெக்ஸ்ட் ஜெனரேஷன் உடுப்பு நாலு வேண்டும்" என்று கேட்டு ஒரு கட்டுப் படங்களைக் கொடுத்தார்கள். அது ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த இன்னொரு தொடர். நான் அதுவரை அந்தத் தொடரைப் பார்த்ததில்லை. உடுப்பைப் புரிந்துகொள்வதற்காகவே பார்த்தேன்.

அந்தத் தொடரின் முதல் இரண்டு பருவங்களில் உடலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பான்டெக்ஸ் துணியில் ஒரே துண்டாகத் தைத்திருக்கிறார்கள். நடிகர்களுக்கு முதுகு வலி வந்துவிட்டது. மூன்றாம் பருவத்தில் ராபர்ட் பிளாக்மன் என்ற உடை வடிவமைப்பாளர் கம்பளித் துணியில் மேல் கீழ் என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டாகப் பிரித்தால் உட்கார்ந்து எழும்போது மேற்சட்டை ஏறும். அதனால்தான் கேப்டன் பிக்கார்ட் எழும்போதெல்லாம் சட்டையை இரு கைகளாலும் கீழே இழுத்துவிடுகிறார். ரசிகர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நான் கம்பளி போடவில்லை. எங்கள் வெயிலுக்குப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று பருத்தி கலந்த துணியில், ஆனால் அதே வெட்டில் தைத்துக் கொடுத்தேன்.

படம் முடிந்து கொண்டுவந்து காட்டினார்கள். கேப்டனாக நடித்த பெண் இருக்கையிலிருந்து எழுந்தாள், சட்டை ஏறியது, இழுத்துவிட்டுக்கொண்டாள். இயக்குநர் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டேன். "இல்லை அக்கா, சட்டை ஏறிச்சு, இழுத்தேன்" என்றாள். அவள் பிக்கார்டைப் பார்த்து நடிக்கவில்லை. என் கத்தரி வெட்டு அந்தக் கையை அங்கே கொண்டுபோயிருக்கிறது. அந்தப் படத்தின் கதை சுமார்தான், சொல்லத் தயங்கவில்லை. அந்த இரண்டு நொடிக்காக நான் அதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

குமுளி வாசகர்

உடுப்பு, ஒலி, விண்கலம் எல்லாம் சொல்லிவிட்டீர்கள். நடிப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. ரசிகர் படங்களில் மிகவும் மெலிந்த பகுதி அதுதான், அதை நாம் மறைக்கக் கூடாது. எனக்கு விதிவிலக்காக அமைந்தது ஸ்டார் ட்ரெக்: நியூ வாயேஜஸ் குழுவினர் 2007 இல் வெளியிட்ட வேர்ல்ட் இனஃப் அண்ட் டைம். 1960களின் தொடரில் சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேயே, ஏறக்குறைய 70 வயதில், ரசிகர்கள் கட்டிய அரங்குக்கு வந்து மீண்டும் சூலுவாக நடித்தார். அந்தப் பகுதி அறிபுனைப் படைப்புகளுக்கான ஹியூகோ விருதுப் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. கதையில், கப்பலில் உள்ளவர்களுக்குச் சிறிது நேரம்தான் கழிகிறது. சூலுவுக்கோ முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன, உடன் வளர்ந்த மகள் நிற்கிறாள். சுற்றிலும் நிற்பவர்கள் நம்மைப் போன்ற ரசிகர்கள். நடிப்பில் அவருக்கு ஈடாக ஒருவரும் இல்லை. ஆனால் அவர் மகளை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது அவர்கள் முகத்தில் தெரியும் வியப்பு, சிறு வயதில் திரையில் பார்த்த மனிதர் தங்கள் எதிரில் நிற்கும் வியப்பாகவே எனக்குப் பட்டது. என் மகளைப் படிப்புக்காக வெளியூர் பஸ் ஏற்றிவிட்டு வந்த இரவில் அதைப் பார்த்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகர்

அனைவருக்கும் நன்றி. செங்கோட்டைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, படம் இயக்கிய தம்பியை நேற்று தேடிப்பிடித்துப் பேசினேன். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். தலைக்கவசக் காட்சியைப் பற்றி ஆறு ஆண்டுகள் தாமதமாகச் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, ஆவி படர்வது திட்டமிட்டது இல்லை என்றும், நடித்தவருக்கு உண்மையாகவே மூச்சு முட்டியதால் தாம் நிறுத்தச் சொல்லப் போனபோது, அவர் தொடை அருகே கையைத் தாழ்த்தி, கேமராவுக்குத் தெரியாமல், நிறுத்த வேண்டாம் என்று சைகை காட்டினார் என்றும் சொன்னார். அது பெரும் ஆபத்து என்பதையும் அவரே சொன்னார். காட்சி முடிந்த அன்றே கவசத்தின் பின்புறம் நான்கு துளைகள் போட்டுவிட்டார்களாம்.

படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கோப்புகளாகவே வைத்திருப்பதால் வசனத்தை மறுபடி பதியலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவருகிறார். குடத்துக்கு என் வீட்டில் பஞ்சமில்லை. செங்கோட்டைத் தம்பி, குடத்தின் வாயிலிருந்து மைக்கை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் அதற்குள் எழுதிவிடுங்கள்.