தமிழிலேயே அதிகம் பேசாதவன் கன்னடம் பேசிப் பழகுவது எப்படி?

பீன்யாக்காரன்:
வணக்கம். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பெங்களூர் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை, குடியிருப்பது ஸ்ரீராமபுரத்தில். டீக்கடை, மளிகைக்கடை, இஸ்திரி போடுகிறவர் என்று எங்கள் தெருவில் எல்லாம் தமிழ்தான். வீட்டை விட்டு இறங்கி மெட்ரோ ஏறும்வரை கன்னடமே தேவைப்படாது.

தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ், டிஸ்பேட்ச் ஆட்கள் எல்லாரும் கன்னடம். மதியம் ஒரே மேசையில் டப்பாவைத் திறக்கிறோம். அவர்கள் பேசுவதில் பாதிக்கு மேல் புரிகிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தும் விடுகிறேன். வாய்தான் திறப்பதில்லை.

'முப்பது நாளில்' வகைப் புத்தகம் ஒன்றை முடித்துவிட்டேன். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும். யாரைக் கேட்டாலும் "கூச்சப்படாம பேசு தம்பி, தானா வரும்" என்கிறார்கள். எனக்குக் கூச்சம் என்பதைவிடப் பேச்சே குறைவு. ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி பரிமாறும் பக்கம் போய் நின்றுகொள்வேன். சாம்பார் வாளி கையில் இருந்தால் யாரும் நின்று பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். இப்படிப்பட்டவன் முன்பின் தெரியாதவர்களிடம் வலியப் போய்ப் பேசிப் பழகுவதெல்லாம் நடக்கிற காரியமா?

போன வாரம் ஸ்டோர்ஸ்காரரிடம் பில் வாங்கப் போனேன். "பில் கொட்தீரா" என்று மனசுக்குள் மூன்று முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு போய் நின்றால், நான் வாயைத் திறப்பதற்குள் "என்ன சார் வேணும்?" என்று தமிழில் கேட்டுவிட்டார். நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

என்னைப் போன்ற ஆள் யாராவது இங்கே கற்றுக்கொண்டிருக்கிறீர்களா?

சிவாஜிநகர் 11:
எதுக்கு இவ்வளவு கஷ்டம்? 11 வருடமாகத் தமிழை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். போதும்.

பீன்யாக்காரன்:
தெருவுக்குப் போதும் சார். மதியச் சாப்பாட்டு மேசைக்குப் போதவில்லை.

எட்டாவது கிராஸ்:
தம்பி, வாளிக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் காய் நறுக்கும் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிற ரகம்.

1996இல் கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து மல்லேஸ்வரம் வந்தேன். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்கார அம்மா. அவருக்குக் கன்னடத்தைத் தவிர வேறு தெரியாது. முதல் நாள் வாசலில் நின்று என்னைப் பார்த்து "பன்னி, பன்னி" என்றார். முகம் சுருங்கிப்போய் மாடிக்கு ஏறிவிட்டேன். 'வாங்க' என்று கூப்பிட்டிருக்கிறார் என்பது சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் தெரியும்.

அந்த அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது. எனக்குப் பேச்சு வராது, ஆனால் கேட்க வரும். நம் பாட்டிகள் கதை சொல்லும்போது 'உம்' கொட்டாவிட்டால் கதையையே நிறுத்திவிடுவார்கள் அல்லவா, அதே வேலைதான். கன்னடத்தில் உம் கொட்ட மூன்றே சொல் வைத்திருந்தேன். "ஹௌதா?" என்றால் அப்படியா. "ஆமேலெ?" என்றால் அப்புறம். "அய்யோ பாப" என்றால் ஐயோ பாவம். இந்த மூன்றை மாற்றி மாற்றிப் போட்டு ஆறு மாதம் ஓட்டினேன். அவருடைய முழங்கால் வலி, சிக்கமகளூரில் காபித் தோட்டத்தில் இருந்த தம்பி, அந்தத் தம்பி பெண்டாட்டி என்று எல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

ஒருநாள் தம்பி வருவதாகச் சொல்லி வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு "நாளெ பர்தாரெ, பிடி" என்றேன். நாளைக்கு வருவார், விடுங்க. சொன்ன பிறகுதான் சொன்னதே உறைத்தது. அவர் கவனிக்கக்கூட இல்லை, மேலே புலம்பிக்கொண்டே போனார்.

இந்த 'பிடி'யைப் பாருங்கள். நமக்குப் பிடித்துக்கொள்வது, அவர்களுக்கு விடுவது! நம் 'வ' அங்கே 'ப' ஆகிவிடும் (பஸ், பல்பில் வருகிற ப). விடு என்பது பிடு, வாழை பாளெ, விரல் பெரளு, வெல்லம் பெல்ல. நம் 'ப' அங்கே 'ஹ' ஆகும். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு, பூ ஹூவு. பழைய கன்னடத்தில் இவையும் 'ப'வாக இருந்தவைதான். இது பிடிபட்ட பிறகு, பேசாமல் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மனசுக்குள் சொற்களை மாற்றிப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த நேரம்தான் நிறைய இருக்கிறதே. ஹாலு மட்டும் ஜாக்கிரதை. 'ஹாளு' என்றால் பாழ்.

புத்தகக் கன்னடத்தை அப்படியே பேசாதீர்கள். 'மாடுத்தேனெ' என்று புத்தகத்தில் இருப்பதை வாயில் 'மாட்தீனி' என்பார்கள். டீக்கடையில் நின்று 'அருந்துகிறேன்' என்றால் எப்படி இருக்கும்?

வெளியே பழக எட்டாவது கிராஸில் கீரை விற்கிற ஒரே ஒரு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். கீரைக்கு அங்கே சொப்பு என்று பெயர். முதல் வாரம் முழுக்க "மெந்த்ய சொப்பு எஷ்டு?" மட்டும்தான். அடுத்த வாரம் கூட ஒரு வாக்கியம். பத்துப் பேரிடம் ஒரு தடவை பேசுவதைவிட ஒருவரிடம் பத்துத் தடவை பேசுவது நமக்குச் சுலபம். உங்கள் மேசையிலும் ஒருவரைப் பாருங்கள், மெதுவாகச் சாப்பிடுகிற ஆளாக.

ஓசூர்வாசி:
எங்கள் வீட்டில் பேச்சு கன்னடம், நான் படித்தது தமிழ். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். உங்கள் கன்னடம் மோசம் என்று அவர்கள் தமிழுக்கு மாறுவதில்லை. எதிரே நிற்கிறவர் திணறுவதைப் பார்த்தால் நாங்கள் மாறிவிடுவோம், மரியாதை என்று நினைத்து. "கன்னடதல்லே ஹேளி, கலீதா இத்தீனி" என்று சொல்லுங்கள். கன்னடத்திலேயே சொல்லுங்க, கற்றுக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்டபின் தமிழில் தொடர்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

அக்கா சொன்னதில் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. ஆறு மாதம் உம் கொட்டினால் அதுவே பழகிவிடும். என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் பல வருடமாக "ஹௌது, ஹௌது" மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மெட்ரோ அறிவிப்பையும் காது கொடுத்துக் கேளுங்கள் தம்பி. ஒரே வாக்கியம் தினமும் வரும், பதில் சொல்ல வேண்டியதில்லை. "முந்தின நில்தாண" என்றால் அடுத்த நிலையம். தமிழ் முந்தினவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

எட்டாவது கிராஸ்:
ஓசூர்வாசி சொல்வது சரிதான். எனக்கே அந்த அம்மா ஒருநாள் கதையை நிறுத்திவிட்டு "நீவு ஹேளி" என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். நீங்க சொல்லுங்க என்று. வேறு வழியில்லாமல் கும்பகோணத்தில் வெற்றிலை எப்படி இருக்கும் என்று சொன்னேன். பாதி கை ஜாடை.

பீன்யாக்காரன்:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். மெதுவாகச் சாப்பிடுகிறவராக டிஸ்பேட்சில் ஒரு பெரியவர் கிடைத்தார், துமகூருப் பக்கம். ஊரில் அவருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நடுவே வேலியில் ஒரு பலா மரம். அதை வெட்டுவதா வேண்டாமா என்று சண்டை. நான் ஹௌதாவும் ஆமேலெயும் போட்டுக்கொண்டிருந்தேன். பலா என்பது ஹலசு என்று எனக்கே பிடிபட்டது, அக்காவின் 'ஹ' கணக்குப்படி.

ஐந்தாவது ஆமேலெயில் சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. "தம்பி, புரியுதா?" என்று தமிழில் கேட்டார். ஓசூர்வாசி கொடுத்த வாக்கியத்தை முழுசாகச் சொன்னேன். குரல் எழும்பவில்லை, டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் "ஓஹோ" என்று சிரித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் கதையை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார், இந்த முறை நிறுத்தி நிறுத்தி.

அதற்குள் மணி அடித்துவிட்டது. மரத்தை வெட்டினார்களா இல்லையா என்று திங்கட்கிழமை கேட்க வேண்டும்.