மறு: ஆர்பிஎம்முக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஐடிஐ பசங்களுக்கான மோட்டார் பாடம் திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரு பக்கம் மட்டும் நிக்குது. மோட்டார் பிளேட்ல சப்ளை 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்பிஎம்னு (நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு) இருக்கும். 1440-ஐ 60-ஆல வகுத்தா நொடிக்கு 24 சுத்து, அதை 2 பையால பெருக்கினா நொடிக்கு 150.8 ரேடியன் (கோணத்தோட அளவு). கைக்கு வந்த மொழிபெயர்ப்புல 50-க்கும் அதிர்வெண், 24-க்கும் அதிர்வெண், 150.8-க்கு கோண அதிர்வெண்னு போட்டிருக்கு. மோட்டாரோட வாட்ஸை 150.8-ஆல வகுத்தாத்தான் டார்க் (முறுக்கு விசை) வரும், பேர் ஒண்ணா இருக்கேன்னு 24-ஆல வகுத்தா விடை ஆறேகால் மடங்கு ஏறிடும். 24-க்குத் தனிப் பேர் வேணும், சுற்றெண் சரியா?

----

சுற்றெண் வேண்டாம் தம்பி. வாக்கு எண்ணிக்கையில மூணாஞ்சுற்று, நாலாஞ்சுற்றுங்கிறோம், அது மாதிரி எத்தனையாவது சுற்றுன்னு ஆயிடும். சுழல்விரைவுன்னு வைங்க. ஊறுகாய் மாதிரி நல்ல வினைத்தொகை, முக்காலத்துக்கும் நிக்கும், வேகம்ங்கிற வடசொல்லும் ஒழியும். வள்ளுவரே "சுழன்றும் ஏர்ப் பின்னது உலகம்"னு சொல்லியிருக்காரே.

----

ஐயா, அந்தக் குறள்ல சுழல்றதுன்னா வேற வேற தொழில் தேடி அலையுறது, அச்சுல சுத்துறது இல்ல. அதோட விரைவுன்னு மட்டும் சொன்னா 24-ஆ 150.8-ஆன்னு பழைய குழப்பம்தான்.

----

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பாடப்புத்தகத்தில அதிர்வெண் இல்லை, மீடிறன்தான். நாள், தோறும் சேர்ந்து நாடோறும் ஆன மாதிரி மீள், திறன் சேர்ந்து மீடிறன். மோட்டார்த் தண்டு அதிருறதுக்கோ சுத்துது? திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வருது, அதுக்கு இந்தச் சொல்தானே பொருந்தும்? ரேடியனுக்கும் ஆரையன் எண்டு இருக்கு.

----

அண்ணா, மீடிறன் எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா பத்தாவது வரைக்கும் அதிர்வெண்ணுன்னே படிச்சுட்டு வந்த பசங்க, மீடிறனை ஒரு தடவை விளக்கிட்டுத்தான் கணக்குக்கே போகணும், பக்கத்துல இடமில்ல. அதனால சப்ளையோட 50-க்கு அதிர்வெண், 24-க்கு நொடிச்சுற்று, 1440-க்கு நிமிடச்சுற்று, 150.8-க்கு கோணவேகம். நிமிடம், நொடின்னு பேர்லயே இருக்கறதால 60-ஆல வகுக்கணும்னு தானா தெரியும். கோணவேகம்னு வந்தாலே ரேடியன், 2 பை. பிளஸ் ஒன் புத்தகத்துல கோணத் திசைவேகம், ஆனா இந்தக் கணக்குல திசைக்கு வேலையே இல்ல. ஆர்பிஎம்மும் கூடவே இருக்கட்டும், பிளேட்ல அதுதானே அடிச்சிருக்கான். நாலு பேர் சரின்னுட்டாங்க, அனுப்பிடறேன்.

----

அனுப்புங்க தம்பி, பசங்க காத்திருக்க வேண்டாம். நான் ஒத்துக்கலைங்கிறது பதிவாகட்டும். வேகம் அப்படியே உக்காந்திருக்கு, நிமிடமும் வடசொல்தான்.

----

மீடிறனை நானும் விடேல்லை.