பள்ளி இணைக்கட்டடம்: நடைபாதை எந்தப் பக்கம் வர வேண்டும்?

ஆயர்_ஈத்தாம்_அம்மா, திங்கள் இரவு 10:15

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான் செயலாளர். பகலில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை. கூட்டக் குறிப்பு எழுதுவேன், கட்டடம் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்களுக்கு இணைக்கட்டடம் ஒன்று வரப்போகிறது. கீழே மூன்று, மேலே மூன்று என்று ஆறு வகுப்பறை. நிலம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, அகலம் போதாது. மேற்கே சாலை, கிழக்கே திடல். பழைய கட்டடத்தில் நடைபாதை சாலைப் பக்கம், வகுப்பு ஜன்னல்கள் திடல் பக்கம். புது வரைபடமும் அதே அச்சுதான். ஒரே வித்தியாசம், பாதிப் பணம் தருகிற, டத்தோ பட்டம் வாங்கின பெரியவர் சாலைப் பக்க முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்கிறார். அதன் மேல் அவர் பெயர்.

'பசுமைப் பள்ளி' என்று பலகை வைக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. அதற்கு மேல் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவருக்கு சோலார். ஒருவருக்கு ஆறு வகுப்புக்கும் ஏர்கோன். இன்னொருவர் சுவருக்குப் பச்சைச் சாயம் அடித்தால் போதும் என்றார், விளையாட்டுக்குச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேற்கு வெயில்தான் எதிரி என்று இருக்கிறது. அதனால் நடைபாதை மேற்கே இருப்பது சரி, கண்ணாடி மட்டும் வேண்டாம் என்று வாதாடினேன். ஆனால் மனசுக்குள் ஒரு குழப்பம்.

என் மகன் ஐந்தாம் ஆண்டு, பழைய கட்டடத்தில் மேல்மாடி. காலை ஒன்பது மணிக்கு அந்த வகுப்புக்குப் போனால் ஜன்னலோர மேசைகள் எல்லாம் நடுவுக்கு நகர்ந்திருக்கும். கண்ணாடி முழுக்கப் பழைய நாளிதழ் ஒட்டி, அது பழுப்பேறி, ஓரம் சுருண்டு கிடக்கும். ஒரு தாளில் பந்து விளையாட்டுச் செய்தி தலைகீழாக இருக்கிறது. என் மகன் அதை மனப்பாடமாகச் சொல்வான், கோல் போட்ட நிமிடம் உட்பட. தாள் ஒட்டியதால் உள்ளே இருட்டு. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே எட்டு விளக்கு எரிகிறது.

வருகிற சனிக்கிழமை வாரியக் கூட்டம். குறைந்த செலவில் எதைக் கேட்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபலகை, திங்கள் இரவு 11:02

அக்கா, நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவன். ஜிபிஐ என்கிற பசுமைக் கட்டடக் குறியீடு 2009 முதல் மலேசியாவில் இருக்கிறது. நூறு புள்ளிக்கு மதிப்பிடுவார்கள். அதில் 35 மின்சாரச் சிக்கனத்துக்கே போகும். 86 எடுத்தால் பிளாட்டினம், அதுதான் உச்சத் தரம். சான்றிதழ் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் வரைபடத்தைச் சரிபார்க்கலாம். கண்ணாடி முகப்பு வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சரிதான். சோலார் போட்டால் கூரைக்கு நிழலும் கிடைக்கும், அதை மறுக்காதீர்கள்.

பழைய_மேற்பார்வையாளர், செவ்வாய் காலை 6:20

அம்மா, நான் முப்பது வருஷம் கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வை பார்த்தவன். பட்டர்வொர்த், பிறை, சுங்கை பாக்காப் என்று பள்ளிக்கூடங்களும் கட்டியிருக்கிறேன். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிலை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். தாள் ஒட்டிய ஜன்னல் எந்தப் பக்கம்? திடல் பக்கம். திடல் எங்கே? கிழக்கே. மேசை நகர்வது எத்தனை மணிக்கு? காலை ஒன்பதுக்கு. உங்கள் பிள்ளையைச் சுடுவது கிழக்கு வெயில். புத்தகம் மேற்கு என்கிறது என்பதற்காகப் பிள்ளையின் மேசையை நம்பாமல் விடலாமா?

புத்தகம் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் வரை ஆள் இருக்கிற அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மேற்கு வெயில் எமன்தான். உங்கள் பள்ளி காலை அமர்வு மட்டும்தானே? ஒன்றரை வாக்கில் மணி அடித்துவிடும். நம் ஊரில் உச்சிவெயில் எப்போது தெரியுமா? பன்னிரண்டுக்கு இல்லை. பினாங்கில் சூரியன் தலைக்கு மேலே வர ஒன்றேகால் ஆகிவிடும், மாதத்தைப் பொறுத்துக் கால் மணி முன்னே பின்னே. 1982 ஜனவரி 1-ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள். அன்று முதல் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணிக்கு மேல் முந்தி ஓடுகிறது. அப்படியானால் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரம் முழுக்க, சூரியனுக்குக் காலை நேரம்தான். அது மேற்கே சாயும்போது அவர்கள் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே நடைபாதையைக் கிழக்கே, திடல் பக்கம் மாற்றச் சொல்லுங்கள். ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை, அஞ்சடி என்போமே, அதை எதற்கு வைத்தான்? நிழலுக்கும் மழைக்கும்தானே. அதே வேலையை உங்கள் நடைபாதை செய்யட்டும். ஏழடி அகலம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஜன்னல் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றடி, நடைபாதைக் கூரை பத்தடி உயரம். பத்தேகாலுக்கு மேல் வெயில் உள்ளே வராது. அது தாமதம். நடைபாதையின் வெளி விளிம்பில் மேலிருந்து மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு தொங்கல் தடுப்பு இறக்கினால், ஒன்பதரைக்குள்ளேயே மேசையை விட்டு வெயில் போய்விடும். அதற்கு முந்தின வெயில் தாழ்ந்து வரும், எந்தக் கூரையும் அதைத் தடுக்காது. திடல் ஓரம் மரம் நடுங்கள். தூங்குமூஞ்சி மரம் வேண்டாம், குடை மாதிரி விரியும், இடம் போதாது. அங்சானாவும் வேண்டாம், காற்றடித்தால் கிளை முறியும்.

அடுத்தது காற்று. யூ.பி.பி.எல். என்று நாங்கள் சொல்லும் 1984-ஆம் ஆண்டுக் கட்டட விதியில், வகுப்பறைத் தரைப் பரப்பில் 20 விழுக்காட்டுக்கு ஜன்னல் இருக்க வேண்டும், 10 விழுக்காடு தடையில்லாமல் திறக்க வேண்டும் என்று இருக்கிறது. முப்பதுக்கு இருபத்தைந்தடி அறை என்றால் 150 சதுர அடி ஜன்னல், 75 சதுர அடி திறப்பு. எல்லாத் திறப்பையும் ஒரே சுவரில் வைத்து விதியை முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். எதிர்ச் சுவரிலும் கதவுக்கு மேலே லூவர், அதாவது சாய்ந்த பட்டை வைத்த காற்றுத் திறப்பு, வைக்கச் சொல்லுங்கள். வெக்கை மேலேதான் தேங்கும், அது வெளியேற வழி வேண்டும்.

கூரையை மறந்தே விட்டீர்கள். தகரக் கூரைக்கு அடியில் ராக்வுல் என்கிற வெக்கை தடுக்கும் கல்பஞ்சு, அதற்கு மேல் பளபளக்கிற அலுமினியத் தாள். செலவைக் குறைக்கும்போது குத்தகையாளர் முதலில் வெட்டுவது இதைத்தான், சீலிங்குக்கு மேலே இருப்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள். ராக்வுல் இருந்தால் மழைச் சத்தமும் குறையும். மாடி வகுப்பில் அடைமழை நேரத்தில் பாடம் நடத்திப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தம்பி வரைபலகை, பட்டியல் நல்லதுதான். பிளாட்டினம் வாங்கின கட்டடத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம்_வகுப்பு_டீச்சர், செவ்வாய் மாலை 4:48

ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. நடைபாதையைத் திடல் பக்கம் கொண்டுபோனால் வகுப்பு ஜன்னல்கள் சாலைப் பக்கம் வந்துவிடும். எங்கள் பள்ளியில் அப்படித்தான். லோரியும் மோட்டாரும் போகிற சத்தத்தில் சொல்வதெழுதல் நடத்த முடியாது, ஜன்னலைச் சாத்திவிடுவோம். சாத்தின பிறகு உங்கள் 75 சதுர அடி எங்கே? 2019 செப்டம்பர் புகைமூட்டத்திலும் இதே கதை. பள்ளியை மூடும்வரை ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், காத்தாடி சூட்டைத்தான் சுற்றிவிட்டது. ஒரே ஒரு அறைக்காவது ஏர்கோன் இருக்கட்டும், நூலகத்துக்கு.

இன்னொன்று, பசுமை என்றதும் அடுத்த கூட்டத்தில் மழைநீர்த் தொட்டி வரும், பாருங்கள். வரட்டும், ஆனால் மூடியும் வலையும் யார் பொறுப்பு என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். 300 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆறாயிரம் லிட்டர். 400 காலன் தொட்டி ஒன்று அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட வாங்காது, மிச்சம் வழிந்து எங்காவது தேங்கும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதாவது ஒரு பள்ளி விடுமுறை.

பழைய_மேற்பார்வையாளர், செவ்வாய் இரவு 8:05

டீச்சர் அடித்தது சரியான அடி. சாலைச் சத்தத்தை நான் யோசிக்கவில்லை. மாடிப்படி, கழிவறை, சாமான் அறை இவற்றைச் சாலை சத்தம் அதிகமாக இருக்கிற முனைக்குத் தள்ளலாம், ஆனால் மூன்று வகுப்பையும் மறைக்க அது போதாது. சாலையில் லோரி ஓயாது என்றால் நடைபாதை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கிழக்கு ஜன்னலுக்கு வெளியே இரண்டடி நீட்டலும், நடுநடுவே நெட்டுக்குத்தாகச் சிமெண்ட் தடுப்புகளும் போடுங்கள். தடுப்பை நேராக வைக்காமல் அதன் வெளி விளிம்பைக் கொஞ்சம் வடக்கே திருப்பினால் தென்கிழக்கிலிருந்து வருகிற டிசம்பர் வெயில் நிற்கும், ஜூன் வெயிலுக்கு மரம்தான். நடைபாதை அளவுக்கு ஆகாது, தாளைக் கிழிக்கிற அளவுக்கு ஆகும். அம்மா, காலை எட்டு முதல் பத்து வரை சாலை எப்படி?

ஆயர்_ஈத்தாம்_அம்மா, வியாழன் இரவு 9:30

ஐயா, டீச்சர், தம்பி, மூவருக்கும் நன்றி. இன்று அரை நாள் விடுப்பு எடுத்துப் போய் நின்று பார்த்தேன். ஏழேகால் முதல் ஏழே முக்கால் வரைதான் சாலையில் நெரிசல், அதுவும் நம் பிள்ளைகளை இறக்கிவிட வருகிற கார்கள். எட்டுக்கு மேல் காய்கறி லோரி ஒன்று, தபால்காரர், அவ்வளவுதான். பத்து மணிக்கு ரொட்டிக்காரர் ஹாரன் அடித்தார். பிறகு ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குள் போய் அந்த நாளிதழ் மேல் கை வைத்தேன். இஸ்திரி போட்ட துணி மாதிரி சுட்டது.

அதனால் நடைபாதையைத் திடல் பக்கம் மாற்றக் கேட்கப்போகிறேன். டத்தோ பெயரை வடக்குச் சுவரில் வைக்கலாம், முச்சந்தியிலிருந்து அதுதான் முதலில் கண்ணில் படும். ஏற்பாரா என்று தெரியவில்லை. கூட்டம் காலை ஒன்பதுக்கு, அலுவலக அறையில்.

பழைய_மேற்பார்வையாளர், வியாழன் இரவு 9:41

அலுவலக அறையில் வேண்டாம் அம்மா, அங்கே ஏர்கோன் இருக்கும். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வையுங்கள். டத்தோவுக்கு ஜன்னலோரம் நாற்காலி.

ஆயர்_ஈத்தாம்_அம்மா, வியாழன் இரவு 9:44

அந்த நாளிதழ்?

பழைய_மேற்பார்வையாளர், வியாழன் இரவு 9:45

வெள்ளிக்கிழமையே கிழித்துவிடுங்கள்.